பெட்டிமுடி: பிழைத்தவர்களின் நட்பு ஒரு சாட்சியம்

காரைக்குடியை அடுத்த மானகிரியில் கல்லூரி மாணவர்களோடு பேரிடர்ச் சட்டம் குறித்து உரையாடிக்கொண்டிருந்தேன். பேச்சினூடே பெட்டிமுடி என்ற பெயரைச் சொன்னபோது பெரும்பாலோர் முகத்தில் எந்த அசைவும் இல்லை. ஒரு மாணவி மட்டும் கேட்டார்: "அந்த நாய் இருந்த ஊர்தானே, அக்கா?"

ஆம், அதே ஊர்தான். 2020 ஆகஸ்டில் மூணாறு மலையில் மண்ணுக்குள் போன ஊர். தன்னோடு விளையாடிய குழந்தையின் உடலைத் தேடிக் கண்டுபிடித்த குவி என்ற நாயை நாடே அறிந்துகொண்டது. அந்த நாயின் விசுவாசத்தை எழுதியதில் தவறில்லை. ஆனால் அதே மண்ணில், அதே நாட்களில், மனிதர்கள் ஒருவருக்கொருவர் காட்டிய விசுவாசம் ஏன் செய்தியாகவில்லை? பிழைத்தவர்கள் யார், அவர்கள் எப்படி ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டார்கள், அந்தத் தோழமையை அரசும் சட்டமும் எப்படி நடத்தின என்ற கேள்விகள் ஏன் நம்மை வந்தடையவில்லை? இக்கட்டுரை அந்தக் கேள்விகளைப் பற்றியது.

அந்த இரவு

2020 ஆகஸ்ட் 6, இரவு பத்தே முக்கால் மணி அளவில் பெட்டிமுடியின் மேலுள்ள மலை சரிந்தது. இரவிகுளம் தேசியப் பூங்காவை ஒட்டிய ராஜமலைப் பகுதியில், கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளாண்டேசன்ஸ் நிறுவனத்தின் நயமக்காடு எஸ்டேட்டைச் சேர்ந்த குடியிருப்பு அது. நான்கு லயங்கள், அதாவது நான்கு வரிசை வீடுகள், சேற்றிலும் பாறையிலும் புதைந்தன. 66 உடல்கள் மீட்கப்பட்டன. நால்வர் கிடைக்கவே இல்லை. எழுபது பேர் போனார்கள். அவர்களில் பலர் குழந்தைகள்.

கடும் மழையில் மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் ஏற்கெனவே துண்டிக்கப்பட்டிருந்தன. மூணாறிலிருந்து அங்கு செல்லும் வழியிலுள்ள பெரியவரைப் பாலம் 2018 வெள்ளத்தில் சேதமடைந்தது. அதற்கு மாற்றாகப் போடப்பட்ட தற்காலிகப் பாதையையும் இம்முறை மழை கொண்டுபோனது. எனவே, பேரழிவு நடந்த செய்தியே மறுநாள் காலையில்தான் வெளியுலகை எட்டியது. அரசின் மீட்புக் குழுக்கள் வந்து சேரும்வரை அங்கிருந்தவர்கள் உயிர் தப்பியவர்களும் அக்கம்பக்கத்து லயத்துத் தொழிலாளர்களும்தான். இருட்டில், மழையில், வெறுங்கையால் மண்ணைத் தோண்டியவர்கள் அவர்கள்.

இறந்தவர்களில் பெரும்பாலோர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பகுதியைப் பூர்வீகமாகக் கொண்ட தமிழ்த் தலித் குடும்பத்தினர். பெட்டிமுடியின் இறப்புப் பட்டியல் ஏறக்குறைய ஓர் உறவுமுறைப் பட்டியல். ஒரே குடும்பக் கொடியின் கிளைகள் பல வீடுகளில் இருந்தன. பிழைத்த ஒருவர் தன் குடும்பத்தை மட்டும் இழக்கவில்லை. பக்கத்து வீட்டுச் சித்தியை, எதிர் லயத்து மாமாவை, கூடக் கொழுந்து பறித்த தோழியை, பிள்ளைகள் சேர்ந்து பள்ளிக்கூடம் போன கூட்டத்தையே இழந்தார்.

லயம் வளர்த்த உறவு

இந்தத் தோழமை பேரிடர் நாளில் திடீரென்று பிறந்ததன்று. அதற்கு ஒரு பொருளாதார வரலாறு இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கண்ணன் தேவன் மலைகளில் தோட்டங்கள் உருவானபோது, காட்டை வெட்டவும் கொழுந்து பறிக்கவும் தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் வழியாக மக்கள் கொண்டுசெல்லப்பட்டனர். சென்றவர்களில் மிகப் பெரும் பகுதியினர் நிலமற்ற தலித்துகள். எங்கள் செட்டிநாட்டுச் சுற்றுவட்டாரத்திலிருந்தும் அன்றைய இராமநாதபுரம் சீமை முழுவதிலிருந்தும் இதே சாதிகளைச் சேர்ந்தவர்கள் இலங்கையின் கண்டிச் சீமைக்குப் போனார்கள். கடல் கடந்து வட்டித்தொழில் செய்தவர்களின் வரலாறு இங்கே மாளிகைகளாக நிற்கிறது. மலையேறிக் கூலிக்குப் போனவர்களின் வரலாறு எந்தக் கட்டடத்திலும் இல்லை. உறவினர்களின் நினைவில் மட்டுமே இருக்கிறது.

தோட்டத்தில் வீடு கம்பெனியுடையது. வேலை இருக்கும்வரைதான் வீடு. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். ஆகவே, பிள்ளைகளில் ஒருவராவது தோட்ட வேலைக்குப் போனால்தான் தலைக்கு மேல் கூரை தொடரும். தலைமுறைகள் கடந்தும் பட்டா கிடையாது. நிலமும் சேமிப்பும் இல்லாத இடத்தில் மனிதர்களுக்கு மிஞ்சும் ஒரே சொத்து மற்ற மனிதர்கள்தான். கைமாற்றுக் கடன், பிரசவத்துக்குத் துணை, கல்யாணத்துக்குச் சமையல், சாவுக்குத் தோள் என எல்லாமே லயத்திலிருந்துதான் வர வேண்டும். வெளியார் இதைப் 'பாசக்கார மக்கள்' என்று மெச்சிவிட்டுப் போவார்கள். உரிமையாகக் கிடைத்திருக்க வேண்டிய பாதுகாப்பை ஒடுக்கப்பட்ட மக்கள் தங்கள் உறவுகளிலிருந்து ஈடுகட்டிக்கொண்டார்கள் என்பதே உண்மை.

தோட்டத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த மானுடவியலாளர் ஜெயசீலன் ராஜ், தேயிலைத் தோட்ட நெருக்கடியில் தலித் வாழ்வு எவ்வாறு சிதைந்தது என்பதை ஆராய்ந்து 2022-இல் ஒரு நூல் வெளியிட்டார். தோட்டம் சாதியை அழித்த இடமன்று, சாதியை வேறு வடிவில் உறையவைத்த இடம் என்பதைப் புரிந்துகொள்ள விரும்பும் மாணவர்கள் அதைத் தேடிப் படிக்க வேண்டும்.

தோழமை அரசியலானபோது

பெட்டிமுடிக்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே இந்த உறவு தன் வலிமையைக் காட்டியிருந்தது. 2015 செப்டம்பரில், 20 விழுக்காடாக இருந்த போனசை நிறுவனம் 10 விழுக்காடாகக் குறைத்தபோது, ஆயிரக்கணக்கான பெண் தொழிலாளர்கள் மூணாறு வீதியில் அமர்ந்தனர். ஆண்கள் தலைமையிலான தொழிற்சங்கங்களை அவர்கள் ஒதுக்கிவைத்தனர். ஒன்பது நாட்கள் நகரம் நின்றது. போனசும் கருணைத் தொகையும் சேர்த்து 20 விழுக்காடு தர நிறுவனம் ஒப்புக்கொண்டது. 'பெம்பிளை ஒருமை' என்று அந்த இயக்கம் பெயர் பெற்றது.

அவர்களுக்குக் கட்சி அலுவலகமோ நிதியோ இல்லை. ஒரே நிரையில் கொழுந்து பறித்தவர்கள், ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள் என்ற அறிமுகமே அவர்களின் அமைப்பு. பின்னாளில் தலைவர்களிடையே பிளவு வந்தது, இயக்கம் வலுவிழந்தது. அதை மறைக்கத் தேவையில்லை. தோழமை தானாகவே நிலைத்துவிடாது. அமைப்பாக மாறாவிட்டால் அது தேய்ந்துபோகும் என்ற பாடம் அதில் இருக்கிறது.

அதே இயக்கத்தின் கோமதி, 2020 ஆகஸ்ட் 13 அன்று கேரள முதலமைச்சர் பினராயி விஜயன் பெட்டிமுடியைப் பார்வையிட வந்தபோது, தொழிலாளர்களுக்கு நிலமும் வீடும் வேண்டும் என்று சாலையில் நின்று குரல் எழுப்பினார். காவல்துறை அவரை அப்புறப்படுத்தியது. துக்க வீட்டில் அரசியலா என்று கேட்டவர்கள் உண்டு. துக்கத்தின் காரணம் அரசியலாக இருக்கும்போது வேறு எங்கே போய்ப் பேசுவது?

இரண்டு பேரிடர்கள், இரண்டு அளவுகோல்கள்

பெட்டிமுடி சரிந்த மறுநாள், ஆகஸ்ட் 7 இரவு, கோழிக்கோடு கரிப்பூர் விமான நிலையத்தில் விமான விபத்து நடந்தது. முதலமைச்சர் அடுத்த நாளே கரிப்பூர் சென்றார். பெட்டிமுடிக்கு அவர் வந்து சேர ஒரு வாரம் ஆனது. விமான விபத்தில் இறந்தோர் குடும்பத்துக்குக் கேரள அரசு 10 லட்சம் ரூபாய் அறிவித்தது. பெட்டிமுடியில் இறந்தோர் குடும்பத்துக்கு 5 லட்சம். பெட்டிமுடிக்கு அறிவிக்கப்பட்டது முதற்கட்ட உதவி மட்டுமே என்று அரசு விளக்கமளித்தது.

கரிப்பூரில் இறந்தவர்களின் துயரம் எவ்வகையிலும் குறைந்ததன்று. கொரோனா அச்சத்தையும் பொருட்படுத்தாமல் ஓடிச்சென்று காயமுற்றோரைத் தூக்கிய கொண்டோட்டி மக்கள் வணக்கத்துக்குரியவர்கள். கேள்வி அரசை நோக்கியது. பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005-இன் 61ஆம் பிரிவு, இழப்பீடும் நிவாரணமும் வழங்குகையில் பால், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் ஆகியவற்றின் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. 'சாதி பார்த்துக் குறைத்தோம்' என்று எந்த அரசாணையும் எழுதாது. ஒரே வாரத்தில், ஒரே மாநிலத்தில், ஒரு மரணத்தின் விலை மற்றொன்றின் பாதியாக அறிவிக்கப்படுகிறது; அந்தப் பாதியைப் பெறுவோர் நிலமற்ற தலித் தமிழர்களாக இருக்கிறார்கள். இந்த விளைவுக்கு விளக்கமளிக்கும் பொறுப்பு அரசுடையது.

சாதி இன்னொரு வழியிலும் குறுக்கே நிற்கிறது. பட்டியல் சாதி நிலை ஒரு மாநிலத்தோடு கட்டப்பட்டது. 1950 ஆகஸ்ட் 10 அன்றைய குடியரசுத் தலைவர் ஆணை வெளியான நாளில் எங்கு நிரந்தரமாகக் குடியிருந்தார்கள் என்பதே அளவுகோல். இடம்பெயர்ந்தவர் தம் சொந்த மாநிலத்துப் பட்டியல் சாதி நிலையைப் புதிய மாநிலத்தில் கோர முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் 1990-இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கிலிருந்து தொடர்ந்து கூறிவருகிறது. சொந்தப் பெயரில் ஒரு துண்டு நிலமும் இல்லாத குடும்பம், தன் பாட்டனார் 1950-இல் அங்கே இருந்தார் என்பதை எந்தக் காகிதத்தால் நிறுவும்? மூணாற்றில் தீண்டாமையை அனுபவிக்கச் சான்றிதழ் தேவைப்படவில்லை. அதற்கான பரிகாரத்தைக் கேட்கும்போதுதான் சான்றிதழ் கேட்கப்படுகிறது.

பட்டியல் என்னும் கத்தி

பிழைத்த எட்டுக் குடும்பங்களுக்குக் குற்றியார்வேலியில் அரசு நிலம் ஒதுக்கியது. நிறுவனம் வீடு கட்டிக் கொடுத்தது. அது தேவையான செயல். ஆயினும் அந்த எட்டு என்ற எண்ணுக்குப் பின்னால் ஒரு சட்டப் பார்வை ஒளிந்திருக்கிறது. இடிந்த வீட்டில் குடியிருந்து, பிழைத்திருப்பவர் மட்டுமே 'பாதிக்கப்பட்டவர்'. வேறு டிவிஷனில் இருந்து, ஒரே இரவில் பெற்றோரையும் உடன்பிறந்தாரையும் இழந்தவர் அந்த வரையறைக்குள் வரமாட்டார். அதே ஆபத்தான சரிவில், இடியாமல் தப்பிய லயத்தில் இருந்தவரும் வரமாட்டார்.

நிவாரணப் பட்டியல் வரும்வரை எல்லோரும் ஒரே துக்கத்தின் பங்காளிகள். பட்டியல் வந்தபின் கிடைத்தவர், கிடைக்காதவர் என்று இரண்டாகிறார்கள். பேரிடர் வழக்குகளில் திரும்பத் திரும்பக் காணும் காட்சி இது. மலைச்சரிவு பிரிக்காத உறவை வருவாய்த் துறையின் ஒரு காகிதம் பிரித்துவிடும். இதில் பிழைத்தவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கூட்டாக நேர்ந்த இழப்பைத் தனித்தனிக் கோப்புகளாக மட்டுமே காணும் நிர்வாக முறையே இதைச் செய்கிறது.

நிர்வாகம் தன் முதல் கோப்பைத் திறப்பதற்கே இந்த மக்களின் நட்பைத்தான் நம்பியிருக்கிறது என்பது இதிலுள்ள முரண். கம்பெனிப் பதிவேட்டில் தொழிலாளியின் பெயர் இருக்கும். அன்றிரவு விருந்தாளியாக வந்து தங்கிய உறவினரின் பெயர் இருக்காது. விடுமுறைக்கு வந்த மகனின் பெயர் இருக்காது. எந்த வீட்டில் எத்தனை பேர், எந்த மூலையில் யார் படுத்திருப்பார்கள், இந்தச் சட்டை யாருடையது, இந்தக் கொலுசு யாருடையது என்பதைச் சொல்லக்கூடியவர்கள் அண்டை வீட்டார்தான். அதிகாரபூர்வத் தேடல் முடிந்த பின்னும், கிடைக்காத மகனைத் தேடி ஆற்றோரமாக அலைந்த ஒரு தந்தையைப் பற்றிச் செய்திகள் வந்தன. அத்தகைய மனிதர்களின் அறிவு உணர்ச்சிக் கதைக்கான கச்சாப்பொருள் மட்டுமன்று. நீதிமன்றத்தில் நிற்கக்கூடிய சாட்சியம் அது.

'இயற்கைச் சீற்றம்' என்ற கதவு

இனி வழக்கறிஞராகச் சில வார்த்தைகள். சட்ட மாணவர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படிக்க வேண்டுகிறேன்.

தோட்டத் தொழிலாளர் சட்டம், 1951-இன்படி தொழிலாளிக்கு வீடு தருவது முதலாளியின் கடமை. 1981-இல் அதில் 16-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. முதலாளி கொடுத்த வீடு இடிந்து தொழிலாளியோ குடும்பத்தாரோ இறந்தால் முதலாளி இழப்பீடு தர வேண்டும். விதிவிலக்கு ஒன்று உண்டு: அந்த இடிபாடு 'முழுக்கவும் நேரடியாகவும்' குடியிருப்பவரின் தவற்றாலோ இயற்கைச் சீற்றத்தாலோ நேர்ந்திருந்தால் இழப்பீடு இல்லை. 2025 நவம்பர் 21 அன்று தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டன. பழைய சட்டம் போய்விட்டாலும், இதே ஏற்பாடு சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 2020-இன் 75ஆம் பிரிவில் அப்படியே தொடர்கிறது.

நிலச்சரிவு என்றதும் எல்லோரும் 'இயற்கைச் சீற்றம்' என்று சொல்லிக் கோப்பை மூடிவிடுகிறார்கள். சட்டத்தில் உள்ள 'முழுக்கவும் நேரடியாகவும்' என்ற சொற்களை யாரும் படிப்பதில்லை. மழை இயற்கையானது, மேலே மலை சரிந்ததும் இயற்கையாக இருக்கலாம். ஆனால் சரிவின் அடியில், ஓடைக்கு அருகே லயத்தைக் கட்டியது யார்? கடும் மழை நாட்களில் மக்களை வேறிடத்துக்கு மாற்றாதது யார்? இரண்டு ஆண்டுகளாகப் பாலத்தைச் சரிசெய்யாமல் விட்டது யார்? இவற்றில் சில கேள்விகள் முதலாளிக்கு, சில அரசுக்கு. ஒவ்வொன்றுக்கும் விடை சொல்லும் சாட்சிகள் பிழைத்தவர்களே. 'சென்ற ஆண்டே ஓடை திசைமாறியது', 'மேலே விரிசல் கண்டோம்', 'மேஸ்திரியிடம் சொன்னோம்' என்பன போன்ற விவரங்கள் எந்த லயத்திலும் பலர் சேர்ந்து பேசும்போதுதான் துலங்கும். தனியொருவரின் நினைவு குறுக்கு விசாரணையில் தடுமாறும். இருபது பேரின் ஒத்திசைந்த நினைவை அசைப்பது கடினம்.

இலங்கை மலையகத்தில் இதற்கொரு முன்னுதாரணம் உண்டு. 2014 அக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டம் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்கள் புதைந்தன. அந்தச் சரிவு ஆபத்தானது, மக்களை மாற்ற வேண்டும் என்று 2005-லும் 2011-லும் எச்சரிக்கை தரப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தது; மாற்று நிலம் இல்லை. மூணாறும் மீரியபெத்தையும் இரு நாடுகளில் இருந்தாலும், இறந்தவர்கள் ஒரே கூலி வரலாற்றின் பிள்ளைகள்.

2024 ஜூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகள் அழிந்தபோது சில மாற்றங்களைக் கண்டோம். பிழைத்தவர்கள் விரைவிலேயே கூட்டாகத் திரண்டார்கள். பட்டியலில் விடுபட்டவர்களுக்காகவும் வங்கிக் கடன் தள்ளுபடிக்காகவும் போராடினார்கள். கேரள உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. கல்பற்றா எல்ஸ்டன் எஸ்டேட்டில் மறுவாழ்வு நகரியத்துக்கு 2025 மார்ச் 27 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. மறுபுறம், பேரிடரில் பாதிக்கப்பட்டோருக்குக் கடன் சலுகை தரப் பரிந்துரைக்க வழிசெய்த 13ஆம் பிரிவை, 2025 திருத்தத்தின் மூலம் ஒன்றிய அரசு பேரிடர்ச் சட்டத்திலிருந்தே நீக்கிவிட்டது. மக்கள் கூடி ஒரு சட்டப் பிரிவைப் பற்றிக்கொள்ளும் வேளையில் அந்தப் பிரிவே காணாமல் போகிறது.

நாம் செய்யக்கூடியது

பெட்டிமுடி கேரளத்தில் நடந்தது என்று நாம் விலகிக்கொள்ள முடியாது. வயநாடு சரிந்த அதே நாளில் வால்பாறையில் வீட்டின்மேல் மண் சரிந்து ஒரு பாட்டியும் பேத்தியும் இறந்தார்கள். நீலகிரி, வால்பாறை, மேகமலை என நம் மலைகளிலும் லயங்கள் இருக்கின்றன. அடுத்த மழைக்கு முன் செய்ய வேண்டியவை உள்ளன.

முதலாவது, குடியிருப்போர் பதிவேடு. ஒவ்வொரு லயத்திலும் யார் வசிக்கிறார்கள், எத்தனை ஆண்டுகளாக, என்ன ஆவணங்கள் உள்ளன என்பதைத் தொழிலாளர்களே எழுதிவைக்க மாணவர்கள் துணைநிற்கலாம். சாதிச் சான்றுக்கும் இழப்பீட்டுக்கும் அதுவே முதல் படி. அதன் படி ஒன்று மலைக்கு வெளியே பத்திரமாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, இலவசச் சட்ட உதவி. சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 1987-இன் 12ஆம் பிரிவு, பட்டியல் சாதியினருக்கும் பெரும் பேரிடரில் பாதிக்கப்பட்டோருக்கும் வருமானத்தைப் பாராமல் இந்த உரிமையைத் தருகிறது. பேரிடரில் பாதிக்கப்பட்டோருக்கெனத் தேசியச் சட்டப் பணிகள் ஆணையத்தின் 2010 திட்டமும் உள்ளது. இழப்பீட்டு விண்ணப்பங்களுக்குக் காலவரம்பு உண்டு என்பதால், துக்கத்தின் முதல் மாதங்களிலேயே ஒருவர் இதைச் சொல்லிக் கூடச் சென்றாக வேண்டும்.

மூன்றாவது, பிழைத்தவர்களின் அமைப்பு. வீடு கிடைத்தவரும் கிடைக்காதவரும், மூணாற்றில் இருப்பவரும் கயத்தாற்றில் இருப்பவரும் ஒரே பெயரில் மனுக் கொடுக்கும் அமைப்பு. பல பேருக்குப் பொதுவான நலன் இருந்தால் சிலர் எல்லோர் சார்பிலும் வழக்குத் தொடர உரிமையியல் நடைமுறைச் சட்டம் இடம் தருகிறது. நட்பைச் சட்டம் அங்கீகரிக்கும் அரிய இடங்களில் அதுவும் ஒன்று.

ஆண்டுதோறும் ஆகஸ்ட் 6 அன்று ராஜமலையில், தங்கள் மக்களை அடக்கம் செய்த நிலத்தில் உறவினர்கள் கூடுகிறார்கள். பூ வைக்கிறார்கள், பெயர் சொல்லி அழுகிறார்கள், ஒருவர் பிள்ளையை மற்றவர் விசாரிக்கிறார்கள். இறந்தவர்களின் முழுப் பட்டியலும் எந்தக் கோப்பையும் பாராமல் அங்கே ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் வாய்க்கு வருகிறது.

மானகிரியில் கேள்வி கேட்ட அந்த மாணவி, கூட்டம் முடிந்து கிளம்பும்போது கயத்தாறுக்கு எப்படிப் போக வேண்டும் என்று விசாரித்தார். மதுரை போய் அங்கிருந்து திருநெல்வேலிப் பேருந்தில் ஏற வேண்டும் என்று சொன்னேன். ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துச் செல்லும்படியும் சொன்னேன்.